கங்காணி என்று எழுதலாமா

கொக்குவில்,
14.05.2023

அன்புத் தம்பி பிரவீணனுக்கு அக்கா எழுதுவது.

நானும் மகள் அஜித்தாவும் சுகமாக இருக்கிறோம். வெயில்தான் ஆளைத் தின்கிறது. நீ சுகமா என்று போனில் கேட்டால் "ஓம்" என்கிறாய், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் யாரோ நிற்பதுபோலவே எப்போதும் பேசுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு சொல்லோடு தப்ப ஏலாது.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. உன் பள்ளிக்கூடத்தில் உயர்தர வரலாற்றுக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய கைநூலும் நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. மத்தியகால ஐரோப்பாவின் மானிய முறை என்ற அத்தியாயத்தை நீ எழுதுவதாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாய். என் வகுப்புப் பிள்ளைகள் "பண்ணையடிமை" என்று மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். அவன் காலையில் எழும்பி என்ன செய்தான் என்று கேட்டால் முழிக்கிறார்கள். நீ அந்த மண்ணிலேயே இருக்கிறாய், நூலகமும் பக்கத்தில் இருக்கும். விளக்கமாக எழுது.

இன்னொன்று. பண்ணையில் ரீவ் என்று ஒரு ஆள் வருகிறானே, அவனுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது? அவன் பிரபுவின் பக்கமா, ஊரவர் பக்கமா?

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குத் தலையை மூடு.

அன்புடன்,
அக்கா நகுலேஸ்வரி

—

குட்மேய்ஸ், லண்டன்,
06.06.2023

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் சுகம். இருமல் ஒன்று வந்தது, போய்விட்டது. அஜித்தாவின் தாதிப் பயிற்சி முடிந்துவிட்டதா?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பண்ணை என்பதை ஒரு பிரபுவுக்குச் சொந்தமான ஊர் என்று எழுதுங்கள். பண்ணையடிமைக்குக் கொஞ்ச நிலம் இருந்தது, குடிசை இருந்தது. அதற்காக அவன் கிழமையில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்தான். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் வேலை வரும். அதற்குப் பெயரே "கேட்டுக்கொண்ட வேலை" என்பதுதான். பிரபு தயவாகக் கேட்பார், மறுக்க ஏலாது. அந்த நாட்களில் பிரபு வீட்டில் சாப்பாடு கிடைக்கும். அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகவும் கூடாது. விலங்கு போட்டிருந்தது என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. விலங்கு தேவைப்படவில்லை.

ரீவ் அந்த அடிமைகளில் ஒருவன்தான். மற்றவர்களை வேலைக்கு எழுப்பி விடுவதும், யார் வரவில்லை என்று சொல்வதும் அவன் பொறுப்பு. பதிலுக்கு அவனுடைய சொந்த வேலைநாட்களில் கொஞ்சம் கழித்துவிடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். புத்தகங்கள் சொல்லவில்லை. சொல்லும் பொருத்தமாக வரவில்லை, ரீவ் என்றே விட்டுவிடுங்கள்.

வேலை பழகிவிட்டது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் எழுப்பி, குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து வருவது. இப்போது ரோட்டா எழுதும் பொறுப்பும் எனக்குத்தான், யார் எத்தனை மணிக்கு எந்த வீட்டுக்கு என்று. முதலாளி சோதிலிங்கம் அண்ணை, "நீ படிச்ச ஆள், உன்னட்டைத் தாறன்" என்றார். போன ஞாயிறு ரெய்னர்ஸ் லேனில் அவர் வீட்டுக்கு எல்லோரும் போனோம். வேலி சரிந்திருந்தது, நிமிர்த்திக் கொடுத்தோம். ஆட்டிறைச்சிக் கறியோடு நல்ல சாப்பாடு.

தம்பி,
பிரவீணன்

—

கொக்குவில்,
27.06.2023

அன்புத் தம்பிக்கு,

உன் இருமல் போனது சந்தோஷம். அஜித்தா பயிற்சி முடித்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் பஸ்ஸுக்கும் சப்பாத்துக்கும் போதும்.

நீ எழுதியதை வகுப்பில் அப்படியே வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். நேற்றுவரை இருந்து பார்த்தவன் எழுதியதுபோல இருக்கிறது.

ரீவ் என்ற சொல்லுக்குக் கங்காணி என்று எழுதலாமா? மலைநாட்டுத் தோட்டத்துக் கங்காணியை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அவனும் கூலிக்கு வந்தவன்தான், துரைக்காக மற்றவர்களிடம் வேலை வாங்குபவன். தன் ஊருக்கே போய், தன்னை நம்பும் சனத்தைச் சேர்த்துக் கூட்டிவந்தவனும் அவன்தானே.

இனி ஒரு முக்கியமான விஷயம். பாசையூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மீன்பிடிச் சங்கத்தில் இருந்தவர். அவருடைய மகன் கொட்வினுக்கு உன் கம்பனியிலேயே இடம் எடுத்துத் தரலாம் என்று ஒரு முகவர் சொல்லியிருக்கிறாராம். படகை விற்கப்போகிறார். முகவரை நம்பவில்லை, உன்னைத்தான் கேட்கச் சொன்னார். "ரீச்சர், உங்கடை தம்பி நல்ல இடம் எண்டு ஒரு வரி எழுதினாக் காணும்" என்றார்.

உள்ளதை எழுது.

அன்புடன்,
அக்கா

—

குட்மேய்ஸ்,
09.08.2023

அன்பின் அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். ஷிப்ட் கூடிவிட்டது. நான் சுகம், எல்லாம் நல்லம். அஜித்தாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கொட்வினின் அப்பா கேட்டதற்கு இந்தக் கடிதத்தைக் காட்டலாம். இடம் நல்லம். முதலாளி எங்கள் ஆள், வடமராட்சிக்காரர். வீடும் அவரே தருகிறார், வீடும் நல்லம். வேலைக்கும் குறையில்லை. லீவு தேவையென்றால் கேட்டு எடுக்கலாம். பெடியன் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் நல்லம்.

கங்காணி என்ற சொல் வேண்டாம். ரீவ் வெளியூர் போய் ஆள் சேர்க்கவில்லை. அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கினால் பரீட்சையில் பிள்ளைகள் பிழையாக எழுதுவார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லைப் போட வேண்டாம்.

பிரவீணன்

—

கொக்குவில்,
21.01.2024

அன்புத் தம்பிக்கு,

பொங்கலுக்கு உன் குரலைக் கேட்டதில் மனம் ஆறியது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, ஆனால் துக்கமான செய்தியோடுதான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். கொட்வினின் அப்பா போன வியாழன் காலமாகிவிட்டார். மாரடைப்பு. மகன் நவம்பரில் விமானம் ஏறியபோது வீதிவரை வந்து கைகாட்டியவர்.

நானும் அஜித்தாவும் அடக்கத்துக்குப் போனோம். மூத்த மகன் இல்லாமல் பெட்டியைத் தூக்கினார்கள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், லீவு கேட்டு எடுக்கலாம் எண்டுதானே உங்கடை தம்பி எழுதினவர், ஏன் என்ரை பிள்ளை வரேல்லை?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

ஏன் தம்பி அவன் வரவில்லை?

கைநூலில் கொள்ளைநோய்ப் பகுதிக்கு வந்துவிட்டேன். நோய்க்குப் பிறகு மானிய முறை எப்படி ஆட்டம் கண்டது என்று முடிந்தால் எழுது. அவசரமில்லை. முதலில் நான் கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா

—

குட்மேய்ஸ்,
12.02.2024

அன்பின் அக்காவுக்கு,

நலம். குளிர் கடுமை.

கொட்வினுக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. தாயாரிடம் அப்படிச் சொல்லுங்கள்.

கொள்ளைநோய் பற்றி. 1348இல் இங்கிலாந்துக்கு வந்தது, ஒன்றரை வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சனம் செத்தது. வேலைக்கு ஆளில்லை. இருந்தவர்கள் கூலி கூடக் கேட்டார்கள், பிரபு தராவிட்டால் அடுத்த ஊருக்குப் போகப் பார்த்தார்கள். உடனே சட்டம் வந்தது. நோய்க்கு முந்திய கூலியைத்தான் வாங்கலாம், ஒப்புக்கொண்ட இடத்தை விட்டு இடையில் போகக்கூடாது, போனால் சிறை. அதாவது ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் ஆளை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு இது புரியக் கஷ்டம். அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

அப்படியும் ஓடினார்கள். நகரத்துக்குள் ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. எத்தனை பேர் அப்படித் தப்பினார்கள் என்று தேடினேன். சரியான எண்ணிக்கை கிடைக்கவில்லை. தப்பியவன் எந்த ஏட்டிலும் பதிவாகமாட்டான்தானே.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பிரவீணன்

—

கொக்குவில்,
05.03.2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியது நன்றாக இருந்தது, ஆனால் கடிதம் நெஞ்சை என்னவோ செய்தது. உடம்பைப் பார்த்துக்கொள். கண் மங்கினால் கண்ணாடி மாற்று.

இந்த முறை நல்ல செய்தி. அஜித்தா லண்டன் வருகிறாள். கொட்வினை அனுப்பிய அதே முகவர்தான். சோதிலிங்கம் அவர்களே அவளுக்கு இடம் ஒதுக்கிவிட்டாராம், "பிரவீணன்ரை மருமகள் எண்டால் யோசிக்க வேண்டாம்" என்றாராம். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று போனில் சொல்லவில்லை. இங்கே அவள் இரவும் பகலும் நின்று உழைத்து என்ன கண்டாள்? அங்கே வந்தால் நீ இருக்கிறாய். ரோட்டாவும் உன் கையில். தாய்மாமன் எழுதும் நேரசூசியில் வேலை செய்வதைவிட ஒரு பெண்பிள்ளைக்கு வேறு என்ன பாதுகாப்பு?

உரும்பிராய்த் தோட்டக் காணி விஷயமாக உறுதி எழுதும் நொத்தாரிசிடம் பேசியிருக்கிறேன். அதைப் பற்றி நீ மனதைப் போட்டு உழப்பாதே.

அஜித்தா தன் கைப்பட ஒரு வரி எழுதட்டும் என்றேன். "வந்து பேசுறன்" என்று சிரிக்கிறாள்.

அன்புடன்,
அக்கா

—

குட்மேய்ஸ்,
19.03.2024

அக்கா,

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தவுடன் போன் எடுத்து, "அஜித்தாவை அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணம் கேட்டீர்கள். சமையலறையில் நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொல்லக்கூடிய காரணம் இல்லை. இதை இல்பேட் நூலகத்தில் இருந்து எழுதுகிறேன்.

என் பாஸ்போட் என்னிடம் இல்லை. வந்த முதல் நாளே சோதிலிங்கம் "பத்திரத்துக்கு" என்று வாங்கினார். எல்லோருடையதும் அவர் வீட்டு அலுவலக அறை மேசை லாச்சியில் இருக்கிறது. விசாவில் எழுதிய மணித்தியாலம் வேலை கிடைப்பதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் நடக்கிற நேரத்துக்குச் சம்பளமில்லை. வேலையில்லாத நாட்களில் அவருடைய களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறோம், தோட்டத்தில் கிண்டுகிறோம். அதற்கும் சம்பளமில்லை, சாப்பாடு போடுவார். வீடு அவருடையது, ஒரு அறைக்கு மூன்று பேர். ஒருவன் வாய் திறந்தால், "விசா ஸ்பொன்சரை நிப்பாட்டினா நாளைக்கே பிளேன்" என்பார். அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் வெட்கத்தால் மறைத்தேன் என்றால் அதுவும் பாதிப் பொய். போன வருடம் ஜூலையில் என்னைக் கூப்பிட்டு, "ஊரிலையிருந்து மூண்டு பேரை எடுத்துத் தா. உன்ரை பாஸ்போட்டைத் தந்து, வேறை இடத்துக்குப் போக விடுறன்" என்றார். உங்கள் கடிதம் அந்தக் கிழமைதான் வந்தது, கொட்வினின் அப்பா கேட்கிறார் என்று. ஒரு மாதம் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு எழுதினேன். படகை விற்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதினேன்.

அவனுடைய அப்பா இறந்தபோது லீவு மறுத்தது முதலாளி. அதைப் போய்ச் சொன்னது நான். அடக்கம் நடந்தபோது இங்கே காலை பத்து மணி. கொட்வின் சமையலறையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தரைக்கு செவன் கிங்ஸில் ஒரு வீட்டுக்கு அவனை ரோட்டாவில் போட்டிருந்தேன். பெட்டியை இறக்குகிற நேரம், "தம்பி, நேரம் போகுது" என்றேன். அவன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

நீங்கள் வைத்த சொல் சரியானது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அஜித்தாவை அனுப்ப வேண்டாம். காணி உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பிரவீணன்

—

கொக்குவில்,
12.04.2024

அன்பின் மாமாவுக்கு,

அஜித்தா எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார், பேசுகிறாரில்லை. உங்கள் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நான் வாங்கி வாசித்தேன்.

அம்மா உங்களுக்குச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். காணி பெப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தப் பணம் முகவரிடம் போய்விட்டது. "நொத்தாரிசிடம் பேசியிருக்கிறேன்" என்று உங்களுக்கு எழுதியபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது முகவருடைய போன் வேலை செய்யவில்லை.

கொட்வினின் அம்மா ஒருநாள் வந்தார். உங்கள் கடிதத்தை மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா வாசித்துக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "சீனிப் போத்தலிலையா?" என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

மாமா, எனக்கு உங்களில் கோபம். அம்மாவிலும் கோபம். நான் எங்கே போவது, எங்கே நிற்பது என்று நீங்கள் இரண்டு பேரும் எழுதித் தீர்த்தீர்கள். எனக்கு ஒருவரும் உண்மையை எழுதவில்லை. நான் வரமாட்டேன், அது என்னுடைய முடிவு. ஆனால் நான் வராவிட்டால் என் இடத்துக்கு இன்னொருத்தி வருவாள்தானே? அவளுக்கு மாமா இருக்கமாட்டார். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?

சுகமாக இருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அஜித்தா

—

லூயிஷாம், லண்டன்,
16.06.2024

அன்பின் அக்காவுக்கு,

மூன்று மாதமாக உங்கள் கையெழுத்தைக் காணவில்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே புது முகவரி. பழைய நண்பன் ஒருவனின் முன்னறையில் படுக்கிறேன்.

அஜித்தாவின் கடிதம் கிடைத்த கிழமை ஞாயிறு, ரெய்னர்ஸ் லேனில் புல் வெட்ட வரச்சொன்னார்கள். ரோட்டா அச்சடிக்க என்று அலுவலக அறைத் திறப்பு எப்போதும் என்னிடம்தான் இருக்கும். சோதிலிங்கமும் மனைவியும் கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தார்கள். லாச்சிக்குப் பூட்டு இல்லை அக்கா. எனக்கு அது முன்பே தெரியும். இருபது மாதமாக அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்து ஒன்பது பாஸ்போட்டையும் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். நிலைய வாசலில் ஓய்ஸ்டர் கார்ட், பயண அட்டை, இரண்டு தரம் கீழே விழுந்தது.

குட்மேய்ஸ் வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். ஒருவரும் சந்தோஷப்படவில்லை. துசியந்தி என்ற பிள்ளை, "அண்ணை, நாளைக்கு அவர் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று திருப்பித் தரப் பார்த்தாள். கொட்வின் தன்னுடையதைத் திறந்து படத்தைப் பார்த்துவிட்டு மூடினான்.

மறுநாள் வேலையாட்களுக்கு உதவும் ஒரு அமைப்பின் சட்டத்தரணியிடம் போனேன். ரோட்டாக் கொப்பிகள் எல்லாவற்றையும் கொடுத்தேன். சட்டத்தரணி ஒரு பெண்பிள்ளை, நிதானமானவர். "இதில் இருக்கிற கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "அப்படியானால் உங்களுக்கும் கேள்வி வரும்" என்றார். வரட்டும் என்று வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்தேன்.

சோதிலிங்கம் அன்று மாலையே என் உடுப்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார். "சோறு போட்ட வீட்டுக்கு இதையோடா செய்தனி?" என்றார். கோபமாக இல்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

இந்த மாதம் குடிவரவுத் திணைக்களம் கம்பனியின் ஸ்பொன்சர் உரிமத்தை, வெளிநாட்டு ஆட்களை எடுக்கிற உரிமத்தை, பறித்துவிட்டது. ஒன்பது பேருக்கும் கடிதம் வந்தது. அறுபது நாளுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். நான் நியாயம் செய்யப் போய் அவர்கள் காலடியில் இருந்த பலகையையும் இழுத்துவிட்டேன். துசியந்தி போனில் அழுதாள். இன்னொருவர், "உமக்கு மனச்சாட்சி குத்தினதுக்கு நாங்களோ பலி?" என்று கேட்டார். கொட்வின் பேசுவதே இல்லை.

நாளும் கதவு தட்டுகிறேன். எனக்கு மட்டுமில்லை, ஒன்பது பேருடைய விபரமும் கையில் கொண்டுபோகிறேன்.

காணி போனதை அஜித்தா எழுதினாள். அவளைப் பேச வேண்டாம். உங்களிடமிருந்து ஒரு வரி வந்தாலும் போதும்.

பிரவீணன்

—

கொக்குவில்,
03.07.2024

அன்புத் தம்பிக்கு,

உனக்கு எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். இல்லை. எழுத உட்கார்ந்தால் உள்ளதை எழுத வேண்டிவரும் என்று பயந்தேன். இன்று எழுதுகிறேன்.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை நான் நம்பவில்லை. வந்த அன்றே நம்பவில்லை. சின்ன வயதில் இருந்து நீ பொய் சொன்னால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாய். "எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம்" என்று எழுதியிருந்தாய். பாசையூருக்கு ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் வாசலில் நின்று, "என்னவாம் ரீச்சர்?" என்று கேட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். "நல்ல இடமாம்" என்று என் வாயாலும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று மூன்று மாதம் என்னையே கேட்டேன். கொட்வினுக்கு வழி திறந்தால் அஜித்தாவுக்கும் திறக்கும் என்று நினைத்தேன். இங்கே அவள் நாரி ஒடிய நின்றுவிட்டு வந்து வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைப்பதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. எப்படிப்பட்ட இடமென்றாலும் லண்டன்தானே, நீ இருக்கிறாய்தானே, சமாளிப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பொய் எழுதினாய். நான் அதைத் தெரிந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னைக் கேள்வி கேட்க அங்கே சட்டத்தரணி இருந்தார். என்னை யார் கேட்பது? போன ஞாயிறு கொட்வினின் தாயிடம் போய் நானே சொன்னேன். அவர் கதவைச் சாத்தவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

முகவர்மீது பொலிசில் முறைப்பாடு வைத்திருக்கிறேன். அஜித்தாதான் கூட வந்தாள். எழுதின பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தவில்லை. அவள், "ஐயா, வாசிச்சுக் காட்டுங்கோ" என்று நின்று, இரண்டு பிழை திருத்துவித்தாள்.

கைநூல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். கங்காணி என்றே போட்டிருக்கிறேன். அவன் எந்தப் பக்கம் என்று ஒரு பந்தி எழுதி, கிழித்துவிட்டு, கேள்வியாகவே வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதட்டும்.

இடம் கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் திரும்பி வா. கிடைத்தால் நில். இரண்டில் எது என்றாலும் எனக்கு எழுது.

அக்கா

—

லூயிஷாம்,
11.08.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நெடுநேரம் வெளியே நடந்தேன். நீங்கள் தெரிந்துகொண்டுதான் கொடுத்தீர்கள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் இனிப் போனில் பேசலாம் என்று தோன்றியது. நாளை எடுக்கிறேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நான் சுகம். இந்த முறை உண்மை. ஐம்பத்தோராவது நாள் லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லம் என்னை எடுக்க ஒப்புக்கொண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறது. முடிவு வரவில்லை. என் வாக்குமூலம் பற்றி நேர்முகத்தில் நானே சொன்னேன். என்னைக் கேள்வி கேட்ட அம்மா அதைக் குறித்துக்கொண்டு, இரவு ஷிப்ட் செய்ய ஏலுமா என்று கேட்டார். துசியந்திக்கு ஹரோ பக்கம் கிடைத்திருக்கிறது. வேறு மூவருக்கும் கிடைத்தது. இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை, போன் எடுப்பதில்லை. அவர்களை நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை. ஒருவர் போன கிழமை திரும்பிவிட்டார்.

கொட்வினுக்கும் ஒரு இடம் தேடிக் கொடுத்தேன், சட்டனில். அவன் போகவில்லை. ஊருக்குத் திரும்புகிறான். நேற்று இங்கே வந்தான். ஜனவரிக்குப் பிறகு என்னோடு பேசியது நேற்றுத்தான்.

"அண்ணை, அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு என்னை விடாதது நீங்கள். பாஸ்போட்டை எடுத்துத் தந்ததும் நீங்கள். ரண்டையும் மறக்கமாட்டன்" என்றான்.

"மறக்க வேண்டாம்" என்றேன்.

"அம்மாவுக்கு ஏதும் சொல்ல வேணுமோ?"

உன் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதை உன் வாயால் அனுப்பக்கூடாது என்றேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுப்பாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தாங்கோ" என்றான். நாளை காலை வந்து வாங்குவான். படகும் இல்லாத வீட்டுக்குப் போகிறான். முடிந்தால் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

அதனால் இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, அவன் கையில் வருகிறது. உறையை நான் ஒட்டவில்லை. வழியில் அவன் வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும்.

உங்கள் தம்பி,
பிரவீணன்